உருக்கணும், கருக்கக் கூடாது: உடைந்த ஃபேரிங்கை வீட்டிலேயே வெல்டிங் செய்வது

கேள்வி கேட்ட தம்பி அம்பாசமுத்திரத்துக்காரர். பிசான அறுவடை நேரத்தில் சேரன்மகாதேவி தாண்டி வரும்போது, ரோட்டில் காயப்போட்டிருந்த வைக்கோலில் முன் சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்துவிட்டது. ஆளுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. யமஹா ஆர்15 பைக்கின் வலது பக்க ஃபேரிங்கில், அதாவது பக்கவாட்டை மூடுகிற பிளாஸ்டிக் பேனலில், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். மேலே போல்ட் மாட்டுகிற காது ஒன்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது. புதுப் பேனல் விலையைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: "அண்ணாச்சி, சால்டரிங் அயனை வச்சு நானே உருக்கி ஒட்டலாமா? இல்ல பசை போட்டு ஒப்பேத்திரலாமா? வீடியோவுல கேபிள் டையை உருக்கி ஊத்துதாங்களே, அது நிக்குமா?"

உருக்கி ஒட்டலாம் தம்பி, நன்றாக நிற்கும். ஒயர்களைக் கட்டுகிற அந்தக் கேபிள் டை நிற்காது. பசை, இடத்தைப் பொறுத்தது. ஆனால் இந்த மூன்றையும் விட எனக்கு அந்த ஒடிந்த காதின் மேல்தான் கண். வைக்கோலில் விழுந்ததால் அது ஒடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கடைசியில் வருகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருவுக்குப் பிளாஸ்டிக் குடம், வாளி ஒட்டுகிறவர் ஒருவர் சைக்கிளில் வருவார். சின்னக் கரியடுப்பு, தட்டையான இரும்புக் கம்பி இரண்டு, உடைந்த குடத் துண்டுகள் நிறைந்த ஒரு சாக்கு, அவ்வளவுதான் அவருடைய பட்டறை. வாளியைக் கையில் வாங்கியதும் சாக்கைத் துழாவித் துண்டு தேடுவார். பச்சை வாளிக்குப் பச்சைத் துண்டு தேடுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை. நகத்தால் கீறி, மெழுகு மாதிரி வழுக்குகிறதா, கெட்டியாகக் கிறீச்சிடுகிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார். பிளாஸ்டிக் வெல்டிங்கில் பாதி வித்தை அந்த நகக் கீறலில் இருந்தது என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

உங்கள் பேனலைக் கழற்றித் திருப்புங்கள். உட்பக்கம் ஏதாவது ஒரு மூலையில், இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே சில ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். பெயின்ட் அடித்த ஃபேரிங் பெரும்பாலும் ஏபிஎஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக். பெயின்ட் இல்லாத கறுப்பு உள்பேனல், பின் சக்கரத்துப் பக்கம் இருக்கிற மட்கார்டு போன்றவை பல வண்டிகளில் பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன். பிபி என்பதோடு டி20 என்று ஒட்டு இருந்தால் 20 சதவீதம் டால்க் பொடி கலந்தது என்று பொருள். ஒட்டு இருந்தாலும் அதுவும் பிபி ரகம்தான்.

எழுத்து தேய்ந்து போயிருந்தால் வேறு வழி உண்டு. உட்பக்க ஓரத்தில், பெயின்ட் படாத இடத்திலிருந்து அரிசி அளவுக்கு ஒரு சீவல் எடுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். ஏபிஎஸ் தண்ணீரை விடக் கொஞ்சம் கனம், மூழ்கும். பிபி லேசு, மிதக்கும்; டால்க் கலந்த பிபி மட்டும் மூழ்கலாம். இன்னும் சந்தேகம் இருந்தால் சீவலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள், வீட்டுக்கு வெளியே. ஏபிஎஸ் கறுப்புப் புகை கக்கி, கரி நூல் நூலாகப் பறக்க எரியும். வாடை ஒரு மாதிரித் தித்திப்பாக மூக்கில் ஏறும். பிபி அடியில் நீலமாக எரிந்து சொட்டுச் சொட்டாக விழும், அணைத்தால் மெழுகுவர்த்தி வாடை. மூன்றாவது சோதனை அசிட்டோன். பஞ்சில் தொட்டு உட்பக்கம் தேய்த்தால் ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பிபி அசையாது.

இரும்பு பட்டால் உருகாமல் கருகி மட்டும் போகிறது, உடைந்த ஓரத்தில் நார் நாராகத் தெரிகிறது என்றால் அது ஃபைபர் கிளாஸ். வெளியே வாங்கி மாட்டுகிற சில கிட்டுகள் அப்படி. அதை உருக்கவே முடியாது. ரெசினும் கிளாஸ் மேட்டும் வைத்துச் செய்கிற தனி வேலை அது.

ரகம் தெரிந்தே ஆக வேண்டும் என்று ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், பிளாஸ்டிக் என்பது நீள நீளமான இழைகளின் சிக்கல். இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி பறக்கிற இரண்டு இடியாப்பத்தை ஒன்றன் மேல் ஒன்று வைத்து அழுத்தினால் இழைக்குள் இழை போய்ச் சிக்கிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. ஆறிப்போனதை அடுக்கினால் அது அது தனித்தனியாகத்தான் இருக்கும். வெல்டிங்கில் நடப்பது அந்த முதல் விஷயம். விரிசலின் இரண்டு கரையும் உருகி, ஊற்றுகிற பிளாஸ்டிக்கும் உருகி, மூன்றின் இழைகளும் கலக்க வேண்டும். வேறு ரகம் என்றால் இழைகள் கலக்காது. கேபிள் டை நைலான். ஏபிஎஸ் மேல் நைலானை ஊற்றுவது எண்ணெய்க் காகிதத்தில் மாவை ஊற்றுவது மாதிரி. பார்க்க ஒட்டினாற்போல் இருக்கும், நகத்தால் நெம்பினால் பட்டையாகப் பெயர்ந்து வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. முதல் தடவை நானும் கேபிள் டைதான் ஊற்றினேன். கறுப்பாக, நெளிநெளியாக, பார்க்க அவ்வளவு அழகாக வந்தது. மேலே பட்டி பார்த்து பெயின்டும் அடித்துவிட்டு, சாரல் விழுகிறதென்று குற்றாலத்துக்குக் கிளம்பினேன். தென்காசி ரோட்டில் அப்போது நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஆலங்குளத்தில் ஒரு டிக் சத்தம். பாவூர்சத்திரம் வருவதற்குள் பேனல் முறம் மாதிரி புடைக்க ஆரம்பித்துவிட்டது. கைலியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஊற்றுகிற பிளாஸ்டிக்குக்கு எங்கே போவது? முதலில் அதே வண்டியின் உடைந்த பேனல். ஃபேரிங் மாற்றுகிற எந்த வொர்க் ஷாப்பின் பின்பக்கமும், பழைய இரும்புக் கடையிலும் இது கிடக்கும். பெயின்டைச் சுரண்டிவிட்டு 3, 4 மில்லிமீட்டர் அகலத்தில் குச்சிகளாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு, மானிட்டர் கூடு. பின்னால் எழுத்துப் பொறித்திருக்கும், ஏபிஎஸ் என்று இருந்தால் மட்டும் எடுங்கள். வெல்டிங்குக்கென்றே ஏபிஎஸ், பிபி குச்சிகள் ஆன்லைனிலும் விற்கிறார்கள். பிபி பேனல் என்றால் இந்தத் தேடல் வேலையே வேண்டாம், பிபி குச்சி வாங்கிவிடுவது உத்தமம்.

சால்டரிங் அயன் விஷயத்தில் ஒன்று மட்டும். திருநெல்வேலி டவுனிலோ ஜங்ஷனிலோ எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் முதலில் எடுத்துத் தருவது சூட்டைக் கூட்டிக் குறைக்க முடியாத 25 வாட்ஸ் அயன். அதிலும் வேலை நடக்கும், ஆனால் சும்மா வைத்திருக்க வைத்திருக்க முனையின் சூடு ஏறிக்கொண்டே போகும். ஏபிஎஸ் 105 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்து 200க்கு மேல் நன்றாக வழியும். அதையும் தாண்டி 350, 400 என்று போனால் மஞ்சளாகி, குமிழ் விட்டு, கரியாகிவிடும். கரிக்கு வலு கிடையாது. அதனால் திருகு வைத்த 60 வாட்ஸ் அயன் வாங்குங்கள். 200லிருந்து 450 வரை வைத்துக்கொள்ளலாம். ஏபிஎஸ்ஸுக்கு நான் 260லிருந்து 300க்குள் வைப்பேன். புகை எழும்பினால் சூடு அதிகம். முனை நகர மறுத்து இழுபட்டால் சூடு போதாது. உருக வேண்டும், கருகக் கூடாது, வேறு கணக்கு ஒன்றும் இல்லை. சாதாரண அயன்தான் கையில் இருக்கிறது என்றால் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டு ஓட்டுங்கள். முனை உளி மாதிரித் தட்டையாக இருக்கட்டும். பிளாஸ்டிக்குக்குப் போன முனை மறுபடி ஈயப் பற்றுக்கு உதவாது, தனியாக வைத்துவிடுங்கள்.

புகை விஷயத்தில் விளையாட வேண்டாம். ஏபிஎஸ் உருகும்போது வருவதில் ஸ்டைரீன் இருக்கிறது, தலையை வலிக்கும். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், இந்த ஆவியை அல்ல. கரி வடிகட்டி வைத்த மாஸ்க் போடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து, ஃபேன் காற்று உங்கள் பின்னாலிருந்து வேலையைத் தாண்டிப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாசத்துக் காற்றில் வெட்டவெளியில் உட்காராதீர்கள், சூடு நிற்காது. கீழே தரை ஓடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை பாயில் உட்கார்ந்து செய்தேன், அதுவும் எங்கள் அம்மா கல்யாணத்துக்குப் பெயர் நெய்து வாங்கிய பத்தமடைப் பாய். அயன் உருண்டது. அந்த ஓட்டை இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேச்சுக்கு வரும்.

இனி வேலை. பேனலை வண்டியில் வைத்துக்கொண்டு செய்யவே கூடாது. பெட்ரோல் டேங்க் ஒரு முழத்தில் இருக்கிறது. கழற்றி, சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பளபளப்புக்காக அடிக்கிற பாலிஷ், ஸ்பிரே பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். அது ஒரு பொட்டு இருந்தாலும் இழை கலக்க விடாது. தின்னரால் துடைக்கலாமா என்று கேட்பார்கள், ஏபிஎஸ்ஸை அதுவே அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

விரிசல் எங்கே முடிகிறது என்று தேடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற முனையை விட அது எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் முடிந்திருக்கும். பேனலை லேசாக வளைத்து வெளிச்சத்தில் பிடித்தால் முடி மாதிரி ஒரு கோடு தெரியும். அது முடிகிற இடத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ஒரு துளை போடுங்கள். உடைந்த பேனலில் இன்னும் ஓட்டை போடச் சொல்கிறானே என்று தோன்றும். விரிசலின் முனை ஊசி மாதிரிக் கூர்மையானது, அதிர்வு முழுக்க அந்த ஒரு புள்ளியில் போய் நிற்கும். உருண்டைத் துளை அந்தச் சுமையைச் சுற்றிலும் பரப்பிவிடும். இதைச் செய்யாமல் வெல்டிங் செய்தால் வெல்டு அப்படியே இருக்கும், அதற்கு அடுத்த அங்குலத்திலிருந்து விரிசல் மறுபடி கிளம்பும்.

அடுத்து முன்பக்கம் இரண்டு கரையையும் சேர்த்து மேடு பள்ளம் இல்லாமல் அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டுங்கள். சாதாரண செல்லோ டேப் சூட்டில் சுருண்டுவிடும். விழுந்த வண்டியில் பேனல் முறுக்கியிருக்கும், கரைகள் சேர மறுக்கும். அமுக்கிப் பிடித்து வெல்டு செய்யாதீர்கள், அந்த இழுவிசை உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஹீட் கன்னையோ ஹேர் டிரையரையோ தள்ளிப் பிடித்துக் காட்டி, கையால் வளைத்து, தானாகவே சேர்கிற நிலைக்குக் கொண்டுவாருங்கள். டேப் ஒட்டிய பேனலை ஒரு தடவை வண்டியில் வைத்து எல்லா போல்ட் துளையும் நேர்கோட்டில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்தப் பத்து நிமிஷத்தைச் சோம்பலில் விட்டவர்கள், அழகாக வெல்டு செய்த பேனல் வண்டியில் ஏறாமல் மறுபடி அறுத்திருக்கிறார்கள்.

பிறகு உட்பக்கத்திலிருந்து விரிசல் நெடுக வி வடிவில் ஒரு பள்ளம். ஃபேரிங் கனம் பொதுவாக 2லிருந்து 3 மில்லிமீட்டர் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் போதும். அயன் முனையாலேயே இழுத்துப் பள்ளம் போடுகிறவர்கள் உண்டு. எனக்குப் பழைய ஹாக்சா பிளேடு உடைசலால் சுரண்டுவதுதான் பிடிக்கும், பிளாஸ்டிக் வேகாமல் இருக்கும். பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பெயின்ட் தூள் ஒரு துளியும் உள்ளே தங்கக் கூடாது.

இப்போது அயன். முதல் ஓட்டத்தில் குச்சி வேண்டாம். முனையைப் பள்ளத்தின் அடியில் வைத்து, இரண்டு கரையையும் குறுக்காகக் கலக்கிக்கொண்டே மெதுவாக நகருங்கள், கோலத்துக்குக் கம்பி இழுக்கிற மாதிரி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. முதலில் இரண்டு முனை, அப்புறம் நடு, அப்புறம் இடைவெளிகள். ஒரு முனையிலிருந்து தொடர்ச்சியாகப் போனால் சூட்டில் பேனல் வளைந்து மறுமுனை விலகிவிடும். அடிப் பற்று ஆறியபின் குச்சியை எடுங்கள். குச்சியை மட்டும் உருக்கிச் சொட்டவிட்டால் அது மேலோட்டமாக உட்காரும். முனையால் பள்ளத்தை உருக்கி, அந்த ஈரம் ஆறுவதற்குள் குச்சியைக் குத்தி, முனையாலேயே உள்ளே பிசைந்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சென்டிமீட்டர். ஒரு சாண் விரிசலுக்கு எனக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும், நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்கிவிடுங்கள். அதற்கு முன் வீணாய்ப்போன துண்டு ஒன்றை வேண்டுமென்றே உடைத்து, ஒட்டி, ஆறியபின் கையால் ஒடித்துப் பாருங்கள். வெல்டிலேயே ஒடிந்தால் கலக்கல் போதவில்லை. பக்கத்தில் ஒடிந்தால் உங்கள் கை பழகிவிட்டது.

விரிசலுக்குக் குறுக்கே கம்பி வலை வைப்பது நல்லது. ஹார்டுவேர் கடையில் ஸ்டீல் கொசுவலை என்று கேட்டால் கொடுப்பார்கள். கிழிந்த டீ வடிகட்டியும் இதற்கென்றே பிறந்தது. துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்க வேண்டும். ஒன்றரை அங்குல அகலத்தில் கத்தரித்து, விரிசலின் மேல் வைத்து, அயனின் தட்டைப் பக்கத்தால் அமுக்கினால் பிளாஸ்டிக் வலைக் கண் வழியே பொங்கி வரும். வலை மறைகிற வரை மேலே குச்சியை உருக்கிப் பூசுங்கள். முன்பக்கம் தெரிகிற அளவுக்கு ஆழமாக அமுக்கிவிடாதீர்கள். இதற்குப் பதிலாக அலை வடிவ ஊசிகளைச் சுடவைத்துப் பதிக்கிற ஹாட் ஸ்டேப்ளரும் கிடைக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பதித்து, நீட்டிக்கொண்டிருக்கும் காலை வெட்டிவிடலாம். வேகமான வேலை. ஆனால் சிலர் ஊசியைப் பதித்துவிட்டு விரிசலை உருக்காமலே விட்டுவிடுகிறார்கள். அது கிழிந்த வேட்டிக்குச் சேஃப்டி பின் குத்தின கதை.

ஊதி ஆற்றாதீர்கள், தண்ணீரிலும் முக்காதீர்கள். கால் மணி நேரம் சும்மா விடுங்கள். ஆறியபின் டேப்பை எடுத்து, முன்பக்கம் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் பள்ளம் எடுத்து ஒரு ஓட்டம் ஓட்டுங்கள்.

ஏபிஎஸ்ஸுக்கு மட்டும் இன்னொரு வசதி உண்டு. ஏபிஎஸ் சீவலை அசிட்டோனில் போட்டு ஒரு ராத்திரி மூடி வைத்தால் கரைந்து கூழாகிவிடும். அல்வா பதம் வேண்டாம், தேன் பதம். கண்ணாடி பாட்டிலில், இரும்பு மூடி போட்டு வையுங்கள். முன்பக்கத்துச் சின்னப் பள்ளங்கள், முடி விரிசல்கள், வலையின் மேல்பூச்சு எல்லாவற்றுக்கும் இது நல்லது. அசிட்டோன் பறந்தபின் மிஞ்சுவது அசல் ஏபிஎஸ். கனமாகப் பூசினால் உள்ளே குமிழ் நிற்கும், மெல்லிசாகப் பூசிக் காயவைத்துப் பூசுங்கள், முழுசாக இறுக ஒரு நாள் விடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இல்லாத ரகமும் உண்டு, லேபிளைப் பாருங்கள். முக்கியமாக, அயன் சூடாக இருக்கும்போது இந்த பாட்டில் அந்தத் திண்ணையிலேயே இருக்கக் கூடாது. பெட்ரோலுக்குச் சமமாகப் பற்றும்.

சரி, அந்தக் காது. ஒடிந்த துண்டு கையில் இருக்கிறது என்றீர்கள், அதை வெளிச்சத்தில் பிடித்து ஒடிந்த முகத்தைப் பாருங்கள். ஏபிஎஸ் புதிதாக ஒடிந்தால் அந்த இடம் வெளுத்துச் சுத்தமாக இருக்கும். என் அனுமானம், உங்கள் துண்டில் பாதி வெளுப்பு, பாதி செம்மண் தூசி ஏறிப் பழுப்பாக இருக்கும். பழுப்பாக இருக்கிற பாதி நீங்கள் விழுவதற்கு மாதக் கணக்கில் முன்பே விட்டுப்போனது. வைக்கோல் மிச்சத்தை முடித்து வைத்தது, அவ்வளவுதான்.

அது ஏன் விட்டது என்று பார்க்க எதிர்ப் பக்கத்துக் காதைக் கழற்றிப் பாருங்கள். துளைக்குள் ரப்பர் புஷ், அதற்குள் தொப்பி வைத்த ஒரு சின்ன இரும்புக் காலர் இருக்க வேண்டும். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்த இறுக்கம் காலரோடு நின்றுவிடும், பிளாஸ்டிக் ரப்பருக்குள் மிதந்துகொண்டிருக்கும். ஒரு தடவை சர்வீசுக்குக் கழற்றும்போது காலர் உருண்டு எங்கோ போகும். "வாஷர் போட்டா போதும்" என்று வாஷரைப் போட்டு எல் கீயால் ஒரு முறுக்கு. அன்றிலிருந்து இன்ஜின் அதிர்வு முழுக்க அந்தக் காதுக்குத்தான். போதாக்குறைக்கு நம்ம ஊர் வெயில். இரண்டடி நீளப் பேனல் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். நீள இடம் இல்லாமல் போல்ட் கவ்விப் பிடித்திருந்தால் அது துளையின் ஓரத்தில்தான் விடும். ஏபிஎஸ்ஸில் இருக்கிற ரப்பர்ச் சத்து வெயிலில் வேறு செத்துக்கொண்டே வரும், பழைய வண்டிப் பேனல் அப்பளமாக உடைவது அதனால்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். போல்ட் லூசாகாமல் இருக்க மரையில் விடுகிற நீலப் பசையை ஃபேரிங் போல்ட்டில் போட்டிருக்கிறார்களா? இன்ஜின் போல்ட்டுக்கு அது நல்ல மருந்து, ஏபிஎஸ்ஸுக்கு விஷம். வழிந்து பிளாஸ்டிக்கில் பட்டால் முடி முடியாக விரிசல் விடும். பிரேக் ஆயிலும் அப்படியே.

காதை ஒட்டும்போது முதலில் இடம் பிடிக்க வேண்டும். இங்கேதான் சூப்பர் குளூவுக்கு உண்மையான வேலை. பேனலை மற்ற போல்ட்டுகளில் மாட்டி, ஒடிந்த காதைப் புஷ்ஷோடு அதன் பிராக்கெட்டில் மாட்டி, இரண்டும் சேர்கிற இடத்தில் இரண்டு சொட்டு. பிடித்தபின் மெதுவாகக் கழற்றி வெளியே கொண்டுவந்து வெல்டு செய்யுங்கள். பசை பட்ட இடத்தில் அயன் வைத்தால் கண்ணும் மூக்கும் எரியும், எதிர்ப் பக்கத்தை முதலில் வெல்டு செய்துவிட்டு, பசையைச் சுரண்டி எடுத்தபின் இந்தப் பக்கம் வாருங்கள். சூப்பர் குளூவில் ஆப்ப சோடாவைத் தூவிக் கல்லாக்குகிற வித்தையும் காட்டுகிறார்கள். அலங்காரத் துண்டுக்குச் சரி. போல்ட் ஏறுகிற இடத்தில் அது கல் மாதிரியே நிற்கும், கல் மாதிரியே ஒரு நாள் தெறிக்கும்.

காதுக்கு வலை இரண்டு பக்கமும் வேண்டும், பேனல் மேல் 3 சென்டிமீட்டராவது ஏற வேண்டும். மூலையைக் கூர்மையாக விடாமல் பிளாஸ்டிக்கை ஊற்றி வளைவாக நிரப்புங்கள். துண்டு தொலைந்தவர்கள், இடது பக்கத்துக் காதை அட்டையில் வரைந்து, அட்டையைத் திருப்பிப் போட்டு, 3 மில்லிமீட்டர் ஏபிஎஸ் துண்டில் அறுத்துக்கொள்ளலாம். துளையைக் கடைசியில், முழுக்க ஆறியபின் போடுங்கள். போல்ட் அளவுக்கு அல்ல, புஷ் அளவுக்கு.

முன்பக்கத்துக்கு 120லிருந்து ஆரம்பித்து 220, 400, பிறகு 800 வாட்டர் பேப்பர். பட்டி மெல்லிசாக, பிளாஸ்டிக்குக்கான வளைகிற பட்டியாக. பிபி என்றால் அதற்கென்று இருக்கிற பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் நிற்காது, பாம்புச் சட்டை மாதிரி உரியும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள், பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். கலர் முழுசாக ஒத்துப்போகாது என்பதை இப்போதே மனதில் தேற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவதில் தப்பே இல்லை.

இந்தத் தைரியத்தில் ஹெல்மெட்டில் கை வைக்க வேண்டாம். பல ஹெல்மெட் கூடுகள் ஏபிஎஸ்தான், அழகாக ஒட்டும், அதுதான் ஆபத்து. விரிசல் விட்ட ஹெல்மெட் குப்பைக்கு. ஹெட்லைட்டைத் தாங்குகிற காதுகளையும் நான் வெல்டு செய்து ஓட்ட மாட்டேன், ராத்திரியில் கங்கைகொண்டான் பக்கம் நாலுவழிச் சாலையில் விளக்கு தொங்கினால் தெரியும்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் இரண்டு மூன்று மரை ஏற்றிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஏதாவது ஒரு துளைக்குப் பேனலை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் நிறுத்தி, மற்றதைத் தளர்த்துங்கள். புது ரப்பர் புஷ், காலர் வாங்காமல் மாட்டவே வேண்டாம், ஸ்பேர் கடையில் பேனல் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. ஒரு வாரம் ஓட்டிவிட்டு அந்தக் காதை டார்ச் அடித்துப் பாருங்கள். மூடுவதற்கு முன் பேனலின் உட்பக்கம் மார்க்கரில் பெரிதாக ஏபிஎஸ் என்று எழுதிவையுங்கள். அடுத்து அதைக் கையில் எடுக்கிறவர் சீவி, மிதக்கவிட்டு, கொளுத்திப் பார்க்க வேண்டியிருக்காது.